பணிக்கொடைப் பணத்தில் வீட்டு வண்டி கட்டலாமா? களுவாஞ்சிகுடி டீச்சருக்கு ஒரு பதில்

டீச்சர், களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வருகிற வருடம் 55 வயதில் ஓய்வு எடுக்கப் போகிறீர்கள், கணவர் வங்கி வேலையிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்டார். பிரிட்டனில் இருக்கும் உங்கள் தம்பி மோட்டார் ஹோமில் ஊர் ஊராகப் போய்ப் படம் அனுப்புகிறார். அதேபோல ஒரு ஹையேஸ் வானை வாங்கி, படுக்கை, அடுப்பு, டொய்லெற் வைத்துக் கட்டினால் இலங்கையைச் சுற்ற முடியுமா, எந்த வான் நல்லது என்பது நீங்கள் எழுத்தில் கேட்டது. கையில் வரப்போகும் பணிக்கொடையை இதில் போடலாமா, போட்ட பிறகு வருந்துவோமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் பட்டது. கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் 80 தாண்டிய மாமி இருக்கிறார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத்தான் இரண்டு முறை வாசித்தேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பித்தவன். நானும் 55-இல் வெளியே வந்தவன்தான். அதன்பிறகு மனைவியும் நானும் எங்கள் வானில் போய்வருகிறோம். அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் தெரிந்தவர்கள் சிலருடைய வான்களுக்கு வயரிங் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது வான் பற்றியது. லொறி, பஸ் மேல் முழு வீடு கட்டுவது வேறு வேலை. அதை அந்த வேலை செய்தவரிடம் கேளுங்கள். சுருக்கமாகச் சொன்னால்: செய்யுங்கள், இந்த வயதில் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இது ஒன்று. ஆனால் சிறிதாகச் செய்யுங்கள். இந்தப் பயணத்தின் சுகமெல்லாம் நினைத்த நேரம் கிளம்பவும், பிடித்த இடத்தில் இரண்டு நாள் கூட இருக்கவும், சரிவராவிட்டால் வீட்டுக்குத் திரும்பவும் முடிவதில்தான் இருக்கிறது. வண்டியில் பாரமும் பணமும் ஏற ஏற அந்தச் சுகம் குறையும்.

முதலில் தம்பியின் படங்களைப் பற்றி. அங்கே அவர் தன் பாட்டில் சுற்றுவதற்கு வண்டிக்கு வெளியேதான் முக்கால்வாசிக் காரணம். முகாம் இடங்களில் மின்சாரம் செருகிக்கொள்ளலாம், தண்ணீர் நிரப்பலாம், கழிவை ஊற்றத் தனிக் குழி இருக்கும். பிரான்சில் பல ஊர்களில் உள்ளூராட்சி மன்றங்களே மோட்டார் ஹோம்களுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. அவருக்கும் அங்கே கட்டுப்பாடுகள் உண்டு. 1997 தொடக்கம் பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸ் எடுத்தவர் பொதுவாக 3.5 தொன் வரையான வண்டியைத்தான் ஓட்டலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், அந்நாட்டுக் கடவுச்சீட்டோடு ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இங்கே அந்த எல்லைப் பிரச்சினை இல்லை, ஆனால் அந்த வசதிகளும் இல்லை. இலங்கையில் வீட்டு வண்டிக்கென்று முகாம் வலைப்பின்னல் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக நமக்குக் கோயில் வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, முப்பது கிலோமீற்றருக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, கேட்டால் இடம் தரும் சனம் இருக்கிறது. வண்டியை இவற்றுக்கு ஏற்றபடி கட்ட வேண்டும். தம்பியின் வண்டியை அப்படியே பார்த்துக் கட்டினால், இங்கே பாவிக்கவே முடியாத சாமான்களுக்குக் காசு கொடுப்பீர்கள்.

எந்த வான் என்றால், கராஜ் உள்ள எந்த ஊரிலும் திருத்தக்கூடிய வான். நம் ஊரில் அது டொல்பின் வான் அல்லது கே.டி.எச்., இரண்டும் டொயோட்டா ஹையேஸ் ரகங்கள்தான். இரண்டுக்கும் கல்முனையிலும் பாகம் கிடைக்கும், மொனராகலையிலும் கிடைக்கும். கூரை உயர்ந்த ரகத்திலும் நம்மில் பலர் முழுதாக நிமிர்ந்து நிற்க முடியாது என்பதை வாங்கும் முன் உள்ளே ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தாலும் வரி பெரிது. இதனால் விலை பற்றி நான் எண் எதுவும் எழுதவில்லை, நீங்கள் வாசிக்கும் போதே அது பழசாகிவிடும். உங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய வான் ஒன்று விலைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். கடற்கரை வீதியில் வருடக்கணக்கில் ஓடிய வண்டிக்கு வெளித்தகடு பளபளப்பாக இருந்தாலும் அடிப்பக்கம் உப்பில் அரித்திருக்கும். குழியில் ஏற்றி, சேசிஸ், கதவுப் படிக்குக் கீழ்ப்பகுதி, பின் வில் பூட்டிய இடம் மூன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் அங்கே பூச்சுக்குள் துருதான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு விஷயம் உறுதியானது. பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகையும் ஆசன எண்ணிக்கையும் எழுதியிருக்கும். ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் அடித்தால் வண்டி புத்தகத்தோடு ஒத்துப்போகாது. எனவே தகடு வெட்டும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் கடிதம் கொடுத்து அதன் பிரதியை வாங்கி வையுங்கள். காஸும் பற்றறியும் உள்ளே இருப்பது கம்பனிக்குத் தெரியாமல் ஒரு தீ விபத்து நடந்தால் நட்டம் முழுக்க உங்கள் தலையில் விழலாம். நான் எல்லோருக்கும் சொல்வது, முன்வரிசை ஆசனங்களை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் போல்ட் போட்டுப் பூட்டும், வேண்டும்போது கழற்றும் கட்டில். துளை போட்டு ஒட்டிக் கட்டிய அலுமாரி வேண்டாம். நாளைக்கு வானாகவே விற்க வேண்டி வந்தால் விற்கலாம், பேத்தியின் சாமத்திய வீட்டுக்குச் சனம் ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றலாம்.

உள்ளே என்ன வேண்டும் என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள். நம் பக்கத்தில் முதல் எதிரி சூடு. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பகலில் 35 பாகை வரும். வெயிலில் நிறுத்திய தகர வானின் உள்ளே அதைவிட எவ்வளவோ கூட. உடனே எல்லோரும் ஏசி என்கிறார்கள். ஒரு சின்ன ஏசி ஓர் இரவு ஓட 4 முதல் 6 யூனிற் மின்சாரம் வேண்டும். கூரையில் 200 வாற் சோலார் பனல் வைத்தால் கோடை நாளொன்றுக்கு நடைமுறையில் முக்கால் யூனிற் அளவு வரும், மாரியில் அதைவிடக் குறைவு. கணக்கு எந்த வழியிலும் முட்டாது. ஏசியை மறந்துவிடுங்கள். 12 வோல்ட் விசிறி இரண்டு, தலைமாட்டுக்கு ஒன்று கால்மாட்டுக்கு ஒன்று, விடிய விடிய ஓடினாலும் அரை யூனிற்றுக்குள் முடிந்துவிடும். 100 அம்பியர்-அவர் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறி ஒன்றில் ஏறக்குறைய ஒன்றேகால் யூனிற் இருக்கும், அதில் பெரும்பகுதியைப் பாவிக்கலாம். அதே அளவு ஈயப் பற்றறியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். எஞ்சின் ஓடும்போது அதிலிருந்தும் ஏற்ற ஒரு சார்ஜர் பூட்டினால், ஒரு மணிநேர ஓட்டத்தில் கால் யூனிற்றுக்குக் குறையாமல் சேரும். விசிறி, லைற், போன், சின்னக் குளிர்சாதனப்பெட்டி ஒன்று, இவ்வளவுக்கும் இது போதும். பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். தடித்த வயரைத் தகட்டு ஓட்டைக்குள்ளால் இழுக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் விட்ட வான் என்றால் அதில் நான் படுக்க மாட்டேன்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, படங்களில் அது தெரியாது. கூரைப் பனலுக்கு வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். மருத மர நிழலில் வானை விட்டால் பற்றறி ஏறாது, வெளியில் விட்டால் உள்ளே இருக்க முடியாது. கூரையில் சின்னதாக ஒன்று, நீண்ட வயரோடு கையில் தூக்கி வைக்கும் பனல் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் இது தீரும். நிழல் தேடும்போது தென்னைக்குக் கீழே மட்டும் விடாதீர்கள். தேங்காய் விழுந்து முன்கண்ணாடி போன வண்டிகள் பாசிக்குடாப் பக்கம் நிறைய. இரவில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு உறங்குவதும் கூடவே கூடாது. புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும். காஸ் அடுப்பை உள்ளே பூட்ட வேண்டாம் என்பதும் என் முடிவு. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். பின்கதவைத் தூக்கினால் அதுவே தாழ்வாரம். அதன் கீழ் ஒரு மடக்கு மேசையில் சின்னச் சிலிண்டரோடு சமைத்தால் சூடும் உள்ளே வராது, மீன் மணமும் மெத்தையில் ஏறாது.

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 200 லீற்றர் தொட்டி கட்டினால் மூன்று ஆட்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். குடிக்கவும் சமைக்கவும் 40 லீற்றர் கான்களில் போதும், குளிப்பதற்கு நம் நாட்டில் கிணறும் குளமும் ஆறும் இருக்கின்றன. ஆனால் ஊர்ச்சனம் இறங்காத துறையில் இறங்காதீர்கள். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு, எந்தத் துறை பாதுகாப்பு என்று உடுப்புத் தோய்க்கும் பெண்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வடமத்தியப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல், வடிகட்டிய நீர் விற்கும் இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். டொய்லெற்றைப் பொறுத்தவரை, கழற்றிக் கொண்டுபோய்க் கழுவக்கூடிய சின்னப் பெட்டி ஒன்று இருப்பது பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெரிய நிம்மதி. அதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதானால் ஒரு மலசலகூடக் குழியில் மட்டும், அதுவும் வீட்டுக்காரரைக் கேட்டு. போமலின் கலந்த மருந்து குழியில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், ஆகவே அது இல்லாத ரகத்தைப் பாவியுங்கள்.

இப்போது எங்கே படுப்பது. இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வண்டியைவிட இதுதான் முக்கியம். வெறும் கடற்கரையில், ஆளில்லாத குளக்கட்டில், காட்டோரத்தில் இரவு தங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பொலிசாரோ கடற்படையினரோ வந்து தட்டுவார்கள், தட்டுவது அவர்கள் கடமை. அடையாள அட்டையும் வண்டிப் புத்தகமும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதைவிட, பொழுது சாய ஒரு மணிநேரம் முன்பே ஓர் ஊருக்குள் போய், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையோ தேவாலயத்துச் சுவாமியையோ விருந்தினர் விடுதிக்காரரையோ கண்டு, நாங்கள் இன்னார், இந்த ஊர், இரவு மட்டும் வண்டிக்குள் படுப்போம் என்று சொல்வதுதான் வழி. விடுதிக்காரர் சிறு தொகை வாங்கிக்கொண்டு குளியலறையும் தருவார். கோயில் என்றால் உண்டியலில் போட்டுவிட்டு, மச்சம் மாமிசம் வண்டிக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியில் குளங்களின் வான்கதவுக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்தவே கூடாது. ஒரு முறை உன்னிச்சையில் மாலையில் மழை இல்லை, வானம் வெளுத்திருந்தது, கதவுக்குக் கீழே புல்தரை அழகாக இருந்தது. சைக்கிளில் வந்த நீர்ப்பாசனத் தொழிலாளி ஒருவர் இறங்கிக்கூட வராமல், “ஐயா, மேல மலையில மழை, விடியக்குள்ள கதவு திறப்பாங்க, வண்டிய மேட்டுக்கு எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்தோம். விடியற்காலையில் அந்தப் புல்தரைக்கு மேல் தண்ணீர் சுழித்து ஓடியது. மழை உங்கள் தலைக்கு மேல் பெய்யத் தேவையில்லை.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களை விட்டு எந்தப் பக்கம் வெளியே போனாலும் யானைப் பாதைதான். செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வழி, சியம்பலாண்டுவையிலிருந்து லகுகல வழியாகப் பொத்துவில், பொத்துவில் தாண்டிப் பாணமை, உகந்தை. இந்த வீதிகளில் மாலை ஐந்தரைக்குப் பிறகு நான் ஓட்டுவதில்லை. வாழைப்பழம், பலாப்பழம், பூசணிக்காய், உப்பு மூட்டை எதையும் இரவில் வண்டிக்குள் வைக்காதீர்கள், யானைக்கு மணம் போதும், தகரக் கதவு ஒரு பொருட்டில்லை. உகந்தை முருகன் கோயிலடிக்கு ஆடித் திருவிழாக் காலத்தில் போனால் சனம் நிறைந்திருக்கும், கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடப்பவர்களும் அங்கிருந்துதான் இறங்குவார்கள். மற்ற மாதங்களில் பகலில் போய்த் தரிசித்துவிட்டுப் பாணமைக்கோ பொத்துவிலுக்கோ திரும்பிவிடுங்கள். குமண போன்ற தேசிய வனத்துக்குள் தங்குவதானால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முகாமிடம் பதிவு செய்ய வேண்டும், வானை விட்டுவிட்டு ஜீப்பில் போவதுதான் நல்லது.

ஓய்வெடுத்தவருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒன்று கையில் இருக்கிறது: பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே காற்றைப் பார்த்து நகருங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை நம் பக்கம் வாடைக் காற்றும் மழையும். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், அந்த மாதங்களின் குணத்தை அவர்களிடம் கேளுங்கள். அப்போது வண்டி வீட்டில் நிற்கட்டும், துருத் தட்டி நிறம் அடிக்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை தெற்குக் கரையும் மலைநாடும் நல்லது. சித்திரைப் புதுவருடத்துக்கு நுவரெலியா போகாதீர்கள், வீதியிலேயே பொழுது போய்விடும். சித்திரை முடிந்தால் நம் கடல் அமைதி. பாசிக்குடா, காயான்கேணி, வாகரை, வெருகல் வழியாகத் திருகோணமலை வரை ஏ15 வீதியில் ஒரு வாரம் இழுத்து இழுத்துப் போகலாம். ஆனி, ஆடியில் கச்சான் தாங்காவிட்டால் செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்து மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறுங்கள். மலையின் மேற்குப் பக்கம் மழையில் நனையும் அந்த மாதங்களில் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். 1,200 மீற்றருக்கு மேல் என்பதால் வெப்பம் கீழே இருப்பதைவிட ஏழெட்டுப் பாகை குறையும், விசிறி இல்லாமல் போர்த்திக்கொண்டு படுக்கலாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஓட்டோ கியர் என்றால் கீழ் இலக்கத்துக்கு மாற்றுங்கள். பாரம் ஏற்றிய வானின் பிரேக் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் பயணத்தில் இன்னொரு கணக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இளமையில் நாம் பார்த்த வீதி, சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, அப்பால் மீண்டும் ஏறிய வீதி. மூதூர்ப் பக்கத்தால் திருகோணமலை போவதென்றால் பாதையில் வள்ளம் வேறு. கிண்ணியாப் பாலமே 2009-இல்தான் திறந்தது. இன்று காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால் மதியத்துக்கு முன் அங்கே நிற்கலாம், ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார். என் மனைவி முதல் தடவை வெருகல் பாலத்தில் வானை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கைப்பிடிச் சுவரில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய அண்ணன் அந்த வழியால் வர முடியாமல் போன கதை எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு வழி இருக்கலாம். பணம் கொஞ்சம் செலவானாலும் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தக் கடைசி வரி. கணவர் மாதாமாதம் கிளினிக் போகிறவர் என்றால், பயணத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது கிளினிக் கொப்பிதான். கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்த மறுநாள் கிளம்பி, அடுத்த தவணைக்கு நாலைந்து நாள் முன்னர் வீடு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வையுங்கள், இடையில் சுகமில்லாமல் போனால் எந்த அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலும் அதைக் காட்டலாம். இன்சுலின் போடுகிறார் என்றால் குளிர்சாதனப்பெட்டி ஆடம்பரம் இல்லை, அவசியம். வெயிலில் நிறுத்திய வானில் இன்சுலின் ஒரே பிற்பகலில் கெட்டுப்போகும், கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மாமியை வண்டியில் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது, அவரைப் பார்த்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். 80 தாண்டியவர்களுக்கு உயரமான படியில் ஏறி இறங்குவதும் இரவில் எழும்புவதும்தான் கஷ்டம் என்பது மட்டும் உறுதி. பார்த்துக்கொள்ள மாற்றாள் வருகிற நாட்களுக்கு ஏற்ப உங்கள் பயணத்தை அமைப்பதுதான் நடக்கக்கூடியது. அது ஒரு வாரமாகவே இருந்தாலும் குறைவில்லை.

பணத்துக்கு வருகிறேன். 24 மாத ஓய்வூதியத்துக்கு ஈடாக ஒரே தடவையில் வரும் அந்தத் தொகை இனாம் இல்லை. அதற்காக முதல் 10 வருடம் ஓய்வூதியம் குறைத்தே வரும். 60 வரை இருக்காமல் 55-இல் விலகுவதால் சேவைக்காலமும் குறைகிறது. கணவருடைய ஊழியர் சேமலாப நிதியை ஆண்களுக்கு 55-இல் எடுக்கலாம், எடுத்துவிட்டால் அதுவும் ஒரே தடவைதான். ஆகவே வண்டி, கட்டுமானம், பதிவு, காப்புறுதி எல்லாம் சேர்த்துப் பணிக்கொடையில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று நான் எல்லை போடுவேன். இது கணக்கியல் விதி இல்லை, என் அபிப்பிராயம். கடன் வாங்கிச் செய்யாதீர்கள். மாதத் தவணை கட்ட வேண்டிய வண்டி வீட்டில் நிற்கும் மாதங்களில் நெஞ்சை அரிக்கும், ஓட்டினால்தான் காசுக்குப் பெறுமதி என்று உங்களைத் துரத்தும். வீட்டை விற்பதும் வாடகைக்கு விட்டுவிட்டு வருடம் முழுக்க வண்டியில் இருப்பதும் வேண்டாம். 2022-இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்குச் சில லீற்றர் என்று இருந்த மாதங்களை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது வீடு இருந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

என்னால் உறுதி சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. கட்டிய வானை விற்கும்போது கட்டிய செலவு திரும்ப வருமா என்றால், இங்கே அதற்கென்று சந்தை இன்னும் உருவாகவில்லை, வராது என்று நினைத்தே செலவழியுங்கள். கூரைக் கூடாரம் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. காற்று வாங்கலாம், ஆனால் இரவில் ஏணியில் இறங்க வேண்டும் என்பதால் நம் வயதுக்கு நான் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவு பிடிக்குமா என்பதை எந்த அனுபவமும் முன்கூட்டிச் சொல்லாது. ஆறடிக்கு நாலடி இடத்தில் கணவன் மனைவி இரண்டு வாரம் இருப்பது, முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்ததிலிருந்து வேறான ஒன்று. சிங்களம் தெரியாதே என்று தயங்குகிறீர்கள். இடம் கேட்க, தண்ணீர் கேட்க, நன்றி சொல்லப் பத்து வசனம் படித்துக்கொண்டால் போதுமாக இருக்கும். பிபிலையில், வெலிமடையில் எங்களுக்கு மரக்கறி வெட்டிக் கொடுத்தே அனுப்பியிருக்கிறார்கள்.

எனவே வான் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். தெரிந்தவரின் வானை வாடகைக்கு எடுத்து, பின் ஆசனங்களை மடக்கி, வீட்டு மெத்தையைப் போட்டு, ஒரு விசிறியும் நுளம்பு வலையும் ஒரு பெட்டி பாத்திரமும் மட்டும் கொண்டு போங்கள். பங்குனி பிற்பகுதியில் வெள்ளம் வற்றி வீதிகள் காய்ந்திருக்கும். முதல் இரவு திருக்கோவிலில், அடுத்த இரண்டு இரவு பொத்துவிலில் ஒரு விடுதி வளவில், பிறகு சியம்பலாண்டுவை வழியாக மேலேறிப் பண்டாரவளையில் இரண்டு இரவு, பதுளை, மகா ஓயா வழியாகத் திரும்பி வீடு. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுக் கிணறுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், கணவருக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் கையால் சூடு பார்க்காமல் காலை விடவேண்டாம். போகும்போது ஒரு கொப்பியில் எதைத் தேடினீர்கள், எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள், எதைக் கொண்டுபோய்த் தொடவே இல்லை என்று எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியும், நீங்கள் பார்க்கும் வானின் உள் நீளம், அகலம், உயரமும் தெரிந்தால், கட்டிலும் பற்றறியும் எங்கே வரவேண்டும், எந்த அளவு வயர் போடவேண்டும் என்று உங்கள் வானுக்கே ஏற்றபடி வரைந்து தருகிறேன். இதே கேள்விக்குக் கீழே எழுதுங்கள்.